டச்சு மொழியினர் எழுதும் ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிப் பிழைகள்: எவை, ஏன், எப்படித் திருத்துவது?

மெய்ப்புநோக்கி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அயல்நாட்டு ஆய்விதழ்களுக்கும் கல்விசார் நூல்களுக்கும் மொழித்திருத்தம் செய்யும் வேலை சென்னையில் பல்லாண்டுகளாக நடந்துவருவதால், ஆம்ஸ்டர்டாம், லெய்டன், யூட்ரெக்ட், கென்ட் போன்ற ஊர்களில் எழுதப்பட்ட கட்டுரைகள் நம்மில் பலருடைய கைக்கு வருகின்றன. அந்த ஆசிரியர்களின் ஆங்கிலம் பொதுவாக நல்ல ஆங்கிலம். சொல்வளம் இருக்கிறது, காலங்கள் பிசகுவதில்லை, முன்னிடைச்சொற்கள்கூட அரிதாகவே தவறுகின்றன. ஆனால் நிறுத்தக்குறிகள் மட்டும் ஒரே வகையான இடங்களில் திரும்பத் திரும்பத் தவறுகின்றன. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு நகர்வது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குறிகளில் பெரும்பாலானவை டச்சு மொழியில் முற்றிலும் சரியானவை. பள்ளியில் ஒழுங்காகக் கற்றவர்கள்தாம் அவற்றை ஒழுங்காக ஆங்கிலத்துக்குள் கொண்டுவருகிறார்கள். மூலத்தில் உள்ள விதி என்ன என்று தெரிந்துகொண்ட திருத்துநர், அடுத்த பிழை எந்த இடத்தில் இருக்கும் என்பதைப் படிக்கும் முன்பே ஊகித்துவிடலாம்.

முதலில் காற்புள்ளி. எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டச்சு வாக்கியம் ஒன்று: "டெ மன் டீ டார் லோப்ட், இஸ் மைன் பூர்மன்." அங்கே நடந்து செல்லும் மனிதர் என் அண்டை வீட்டுக்காரர் என்று பொருள். இதில் "லோப்ட்" துணைவாக்கியத்தின் வினைமுற்று, "இஸ்" முதன்மை வாக்கியத்தின் வினைமுற்று. இரண்டு வாக்கியங்களுக்கு உரிய வினைமுற்றுகள் இப்படி அடுத்தடுத்து வந்து நின்றால் நடுவில் ஒரு காற்புள்ளி இட வேண்டும் என்பது நெதர்லாந்துப் பள்ளிகளில் சொல்லித்தரப்படும் வழிமுறை. அதே கை ஆங்கிலத்தில் எழுதும்போது இப்படி வருகிறது: "தி பேஷன்ட்ஸ் ஹூ ரிசீவ்ட் தி ட்ரக், ரிகவர்ட் ஃபாஸ்டர்." ஆங்கிலத்தில் இது எழுவாயையும் பயனிலையையும் பிரித்துவிடும் காற்புள்ளி, அதற்கு அங்கே இடமே இல்லை.

இந்த இடத்தில் திருத்துநர் செய்யக்கூடிய தவறுதான் ஆசிரியரின் தவறைவிடப் பெரியது. ஒற்றைக் காற்புள்ளியைப் பார்த்ததும், இணை விடுபட்டுவிட்டது என்று நினைத்து "ஹூ"வுக்கு முன்னால் இன்னொரு காற்புள்ளி இடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இட்டால் வாக்கியம் இலக்கணப்படி சரியாகிவிடும், ஆனால் செய்தி மாறிவிடும். காற்புள்ளி இல்லாதபோது, மருந்து பெற்ற நோயாளிகள் மட்டும் விரைவாகக் குணமடைந்தார்கள் என்று பொருள். இரண்டு காற்புள்ளிகள் வந்துவிட்டால், நோயாளிகள் அனைவருமே மருந்து பெற்றார்கள், அனைவருமே விரைவாகக் குணமடைந்தார்கள் என்று ஆகிவிடும். கட்டுப்பாட்டுக் குழு வைத்து நடத்திய ஆய்வை ஒரு சிறு குறி கலைத்துவிடும். ஆகவே காற்புள்ளியை நீக்குவதா, இன்னொன்றைச் சேர்ப்பதா என்று முடிவெடுக்கும் முன்னர், ஆய்வுமுறை பற்றிய பகுதிக்குச் சென்று, மருந்து பெறாத குழு ஒன்று இருந்ததா என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் நீக்குவதே சரியாக இருக்கும்.

டெல்ஃப்ட்வாசி

நல்ல இழை, ஐயா. இங்கே டச்சு வகுப்புக்குச் சென்று படித்தவள் என்ற முறையில் உங்கள் முதல் செய்தியை உறுதிப்படுத்துகிறேன், கொஞ்சம் விரிவாக்கவும் செய்கிறேன்.

டச்சில் துணைவாக்கியத்தின் வினைமுற்று இறுதிக்குச் சென்றுவிடும். அதனால்தான் துணைவாக்கியம் முடிந்து முதன்மை வாக்கியம் தொடரும் இடத்தில் இரண்டு வினைமுற்றுகள் மோதிக்கொள்கின்றன. காற்புள்ளி அந்த மோதலைப் பிரித்துப் படிக்கிறவருக்கு மூச்சுவிட இடம் தருகிறது. ஆங்கிலத்தில் வினை இறுதிக்குப் போவதில்லை என்பதால் அந்தத் தேவை பெரும்பாலும் எழுவதே இல்லை. டச்சிலும் வரையறுக்கும் துணைவாக்கியத்துக்கும் கூடுதல் தகவல் மட்டும் தரும் துணைவாக்கியத்துக்கும் வேறுபாடு உண்டு. கூடுதல் தகவல் என்றால் இரு பக்கமும் காற்புள்ளி. வரையறுப்பது என்றால் முன்னால் கிடையாது, பின்னால் மட்டும் உண்டு. ஆசிரியர் ஒற்றைக் காற்புள்ளி இட்டிருக்கிறார் என்றால், அவர் மனத்தில் இருந்தது வரையறுக்கும் துணைவாக்கியம் என்று பெரும்பாலும் நம்பலாம். நீக்குவதே சரி என்று நீங்கள் சொன்னதற்கு இதுவே காரணம்.

ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டச்சு எழுத்துமுறைக்கு அரசின் ஒப்புதல் பெற்ற விதிகள் உண்டு. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 1980இல் சேர்ந்து அமைத்த டச்சு மொழி ஒன்றியம் அவற்றைக் கவனிக்கிறது. பச்சைப் புத்தகம் என்று மக்கள் அழைக்கும் சொற்பட்டியல் 1954இல் முதலில் வெளிவந்தது, பிறகு 1995, 2005, 2015 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் அந்த விதிகள் அபாஸ்ட்ரஃபி (’ என்ற குறி), இணைப்புக்குறி, பெரிய எழுத்து ஆகியவற்றைத்தான் கட்டுப்படுத்துகின்றன; வாக்கியத்தில் காற்புள்ளி எங்கே வர வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை. அது அறிவுரையாகவே இருக்கிறது. குறுகிய வாக்கியங்களில் இரு வினைமுற்றுகளுக்கு நடுவே அதை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எல்லா டச்சு ஆசிரியர்களிடமும் இந்தப் பிழை ஒரே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பாண்டிநாட்டான்

நான் திருத்திய ஒரு தொகுப்பு நூலில் "ஐ திங்க், தட்", "இட் இஸ் க்ளியர், தட்" என்று பக்கத்துக்குப் பக்கம் காற்புள்ளி வந்தது. நூல் நெதர்லாந்திலிருந்து வந்ததால், அதுவும் இந்த வகைதானா?

டெல்ஃப்ட்வாசி

அது ஜெர்மன் மொழியின் விதி, ஐயா. ஜெர்மனில் "தஸ்" என்று தொடங்கும் துணைவாக்கியத்துக்கு முன் காற்புள்ளி கட்டாயம். டச்சில் அதற்கு இணையான "தட்" என்ற சொல்லுக்கு முன் பொதுவாக இடுவதில்லை. நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் ஜெர்மானியர்கள் கணிசமாகப் பணியாற்றுகிறார்கள், படிக்கிறார்கள். அந்த அத்தியாயத்தின் ஆசிரியர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடக் கூடாது, ஏனென்றால் ஜெர்மானியரின் கட்டுரையில் துணைவாக்கியத்தின் இரு பக்கமும் காற்புள்ளி வரும். அங்கே இணையாக இருக்கும் காற்புள்ளிகளை நம்பிப் பொருள் கொள்ள முடியாது.

மெய்ப்புநோக்கி

மிக்க நன்றி, அம்மா. இனி, இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இல்லாமற்போவது பற்றி.

டச்சு முதன்மை வாக்கியத்தில் வினைமுற்று எப்போதும் இரண்டாம் இடத்தில் நிற்கும். "கிஸ்தரன் கிங் இக் நார் டென் ஹாக்" என்றால் "நேற்று சென்றேன் நான் டென் ஹாக் நகருக்கு" என்ற வரிசை. "நேற்று" முன்னால் வந்தவுடன் வினை அதை ஒட்டி வந்துவிடுவதால், தொடக்கத் தொடர் எங்கே முடிகிறது என்பதை அந்த வினையே காட்டிவிடுகிறது. காற்புள்ளிக்கு அங்கே வேலை இல்லை. ஆங்கிலத்தில் தொடக்கத் தொடருக்குப் பின்னால் வருவது எழுவாய், அதாவது பெரும்பாலும் இன்னொரு பெயர்ச்சொல். இரண்டு பெயர்ச்சொற்கள் ஒட்டிக்கொள்ளும்போது கண் தடுக்கி விழுகிறது. "பிஃபோர் ட்ரீட்மென்ட் பேஷன்ட்ஸ் சைன்ட் தி ஃபார்ம்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர் "ட்ரீட்மென்ட் பேஷன்ட்ஸ்" என்பதை ஒரே தொடராகச் சேர்த்துப் படித்துவிட்டு, "சைன்ட்" என்ற இடத்தில் வழி தெரியாமல் நின்று, தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. "ட்ரீட்மென்ட்" என்பதற்குப் பின் ஒரு காற்புள்ளி இட்டால் போதும். "யெஸ்டர்டே", "இன் 2019" போன்ற சிறிய தொடக்கங்களில் காற்புள்ளி இல்லாவிட்டால் நான் தொடுவதில்லை. பிரிட்டன் நடையில் அது இயல்பானதே.

இதன் உடன்பிறப்பு "ஹவெவர்" என்ற சொல். டச்சில் "எக்தர்" என்பது வாக்கியத்தின் நடுவில் எந்தக் குறியும் இல்லாமல் உட்காரும்: "திட் இஸ் எக்தர் நீட் வார்." அதனால் ஆங்கிலத்தில் "திஸ் இஸ் ஹவெவர் நாட் ட்ரூ" என்று எழுதுகிறார்கள், இரு பக்கமும் காற்புள்ளி வேண்டும். மற்றொரு வடிவம் இன்னும் கவலைக்குரியது: "தி சாம்பிள் வாஸ் ஸ்மால், ஹவெவர் தி எஃபெக்ட் வாஸ் க்ளியர்." இரண்டு முழு வாக்கியங்களை ஒரு காற்புள்ளி தாங்க முடியாது. அங்கே அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இட்டு, "ஹவெவர்" என்பதற்குப் பின்னால் காற்புள்ளியும் இட வேண்டும்.

அரைப்புள்ளி

ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். காற்புள்ளியால் இரண்டு வாக்கியங்களை ஒட்டுவதும், பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி இடுவதும் இங்கிலாந்துக்காரர்களே செய்யும் பிழைகள். அங்கே காய்கறிக் கடைப் பலகைகளில் பன்மைச் சொற்களுக்கு அபாஸ்ட்ரஃபி இடுவது பெயர்பெற்ற வழக்கம். அப்படியிருக்க, இவற்றை டச்சுப் பிழைகள் என்று தனியே வகைப்படுத்துவதில் என்ன பயன்? நமக்குத் தெரிந்த மொழிக்குப் பிழையை ஒட்டிப் பார்ப்பது எளிது, அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

மெய்ப்புநோக்கி

நியாயமான கேள்வி. அபாஸ்ட்ரஃபியை வைத்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே சான்று மிகத் தெளிவாக இருக்கிறது.

கடைப்பலகைக்காரர் எந்தப் பன்மைக்கு வேண்டுமானாலும் அபாஸ்ட்ரஃபி இடுவார். டச்சு ஆசிரியர் அப்படி இடமாட்டார். அவருடைய கட்டுரையில் "புக்ஸ்", "டேபிள்ஸ்", "பேஷன்ட்ஸ்" எல்லாம் சரியாக இருக்கும். "ஃபோட்டோ'ஸ்", "டாக்ஸி'ஸ்", "மெனு'ஸ்", "ஹாபி'ஸ்", "சிடி'ஸ்" ஆகியவற்றில் மட்டும் குறி வரும். காரணம் டச்சு விதி. டச்சில் நெடிலாக ஒலிக்கும் ஒற்றை உயிரெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பன்மையின் "எஸ்" எழுத்தை நேரடியாக ஒட்டினால், அந்த உயிர் குறிலாகப் படிக்கப்பட்டுவிடும். அதைத் தடுக்கவே அபாஸ்ட்ரஃபி. உயிர் குறுகும் ஆபத்து இல்லாத இடத்தில் அது வருவதும் இல்லை: "கஃபே" என்ற சொல்லின் இறுதி எழுத்தின் மேலேயே ஒலிக்குறி இருப்பதால் பன்மையில் அபாஸ்ட்ரஃபி கிடையாது, "ப்யூரோ" என்ற சொல் பல எழுத்துகள் சேர்ந்த உயிரில் முடிவதால் அதற்கும் கிடையாது. ஆக, டச்சில் அபாஸ்ட்ரஃபி ஓசையைக் காக்கும் குறி. ஆங்கிலத்தில் அது உடைமையையும் எழுத்துக் குறைவையும் காட்டும் இலக்கணக் குறி. உருவம் ஒன்று, பணி வேறு.

உடைமையிலும் இதே ஓசைக் கணக்குதான் ஓடுகிறது. மூன்று புகழ்பெற்ற டச்சுப் பெயர்களை எடுத்துக்கொண்டால் முழு விதியும் தெரிந்துவிடும். ரெம்ப்ராண்ட் மெய்யெழுத்தில் முடிகிறது. டச்சில் அவருடைய ஓவியங்களைக் குறிக்க "ரெம்ப்ராண்ட்ஸ்" என்று குறியே இல்லாமல் எழுதினால் போதும். அதனால் ஆங்கிலக் கட்டுரையில் அபாஸ்ட்ரஃபி விடுபடுகிறது, அது பிழை. ஸ்பினோசா உயிரெழுத்தில் முடிகிறது; டச்சிலும் அபாஸ்ட்ரஃபி வரும், ஆங்கிலத்திலும் வரும், ஆகவே அங்கே பிழை தெரிவதில்லை. ஹைகன்ஸ் ஏற்கெனவே "எஸ்" எழுத்தில் முடிகிறது. டச்சில் அபாஸ்ட்ரஃபி மட்டும் இட்டு நிறுத்திவிடுவார்கள், இன்னொரு "எஸ்" சேர்ப்பதில்லை. ஆங்கிலத்தில் அது பதிப்பகத்தின் நடைக்கையேட்டைப் பொறுத்தது. ஒரே கலைவரலாற்றுக் கட்டுரையில் ஸ்பினோசாவுக்குச் சரியாகவும் ரெம்ப்ராண்டுக்குத் தவறாகவும் உடைமைக்குறி இட்டிருப்பதைப் பார்த்தால், அந்த ஆசிரியர் அவசரத்தில் எழுதினார் என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன், நண்பரே. அவர் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்.

அரைப்புள்ளி

அபாஸ்ட்ரஃபி பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். காற்புள்ளி ஒட்டு பற்றிய என் ஐயம் அப்படியே இருக்கிறது.

ஐந்தோவன் கணக்கர்

இங்கே யாரும் எண்களைத் தொடவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. கட்டுரையின் நடை கெடுவதைவிட எண் கெடுவது பெரிய கேடு.

நெதர்லாந்தில் பதின்மத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ ஐம்பது சென்ட் என்பதை € 1.250,50 என்று எழுதுவார்கள். யூரோக் குறிக்குப் பின் ஓர் இடைவெளியும் விடுவார்கள். ஆங்கிலத்தில் அது €1,250.50 என்று ஆக வேண்டும். பிற்பகல் இரண்டரை மணியைக்கூட 14.30 என்று புள்ளி இட்டே எழுதுவது இங்கே வழக்கம். ஒரு வாக்கியத்தில் இரண்டு குறிகளும் இருந்தால் சிக்கல் இல்லை, எது என்ன என்று தெரிந்துவிடும். 1.250 என்று மட்டும் இருந்தால்தான் இடர்ப்பாடு. அது ஆயிரத்து இருநூற்றைம்பதா, ஒன்றேகாலா? குறிக்குப் பின்னால் சரியாக மூன்று இலக்கங்கள் உள்ள ஒவ்வோர் எண்ணையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். நெடுவரிசையின் கூட்டுத்தொகை, அருகில் உள்ள விழுக்காடு, அலகு ஆகியவற்றை வைத்துச் சரிபார்த்த பிறகும் தெளிவாகவில்லை என்றால், ஆசிரியரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

கணினியில் காற்புள்ளியைத் தேடி எல்லாவற்றையும் ஒரே அடியாகப் புள்ளியாக மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அப்படிச் செய்தால் மேற்சொன்ன தொகை 1.250.50 என்று ஆகிவிடும். முதலில் ஆயிரப் புள்ளியை வேறு ஏதாவது ஓர் அடையாளமாக மாற்றிவிட்டு, அடுத்துப் பதின்மக் காற்புள்ளியைப் புள்ளியாக்கி, கடைசியில் அந்த அடையாளத்தைக் காற்புள்ளியாக்க வேண்டும். டச்சு அமைப்பில் இயங்கும் எக்செல் பட்டியல் உறுப்புகளை அரைப்புள்ளியால் பிரிக்கும், ஏனென்றால் காற்புள்ளி பதின்மத்துக்குப் போய்விட்டது. அதனால் (1,5; 2,3; 3,1) என்ற வடிவம் கட்டுரைக்குள் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும். எண்களைத் திருத்திய பிறகு அந்த அரைப்புள்ளிகளும் காற்புள்ளிகளாக வேண்டும்.

பாண்டிநாட்டான்

அறிவியல் உலகம் முழுவதும் புள்ளியைத்தான் பதின்மத்துக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஐந்தோவன் கணக்கர்

இல்லை, ஐயா. எடைகள், அளவுகளுக்கான பொது மாநாடு 2003இல் எடுத்த தீர்மானத்தின்படி புள்ளி, காற்புள்ளி இரண்டுமே பதின்மக் குறியாகச் செல்லும். இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்க வேண்டுமானால் இடைவெளி விடலாம், புள்ளியோ காற்புள்ளியோ அங்கே வரக் கூடாது. ஆகவே டச்சு ஆசிரியர் இடும் பதின்மக் காற்புள்ளி அறிவியல்படி பிழையன்று. ஆங்கில மொழிக் கட்டுரையின் மரபுக்குத்தான் அது பொருந்தவில்லை. ஆசிரியருக்குக் குறிப்பு எழுதும்போது "பிழை" என்ற சொல்லைத் தவிர்த்து, "இதழின் மரபுப்படி மாற்றப்பட்டது" என்று எழுதினால் மரியாதையாக இருக்கும்.

லெய்டன் மாணவி

இங்கே ஆய்வு மாணவியாக இருக்கிறேன். டச்சுச் சக மாணவர்களின் முனைவர் பட்ட ஏடுகளைப் படித்துக் கொடுத்த பழக்கத்தில் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன்.

இணைப்புக்குறி. டச்சில் இரண்டு சொற்களுக்குப் பொதுவான பின்பகுதியை ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு, முதற்சொல்லை இணைப்புக்குறியோடு நிறுத்திவிடலாம். அதைப் பின்பற்றி ஆங்கிலத்தில் "இம்- அண்ட் எக்ஸ்போர்ட்" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலம் "ஷார்ட்- அண்ட் லாங்-டெர்ம்" போன்ற அடைத்தொடர்களில் இதை ஏற்கும். ஒரு தனிச்சொல்லை நடுவில் வெட்டுவதை ஏற்காது. இரு சொற்களையும் முழுமையாக எழுதிவிடுவதே வழி. கூட்டுச்சொற்களை டச்சு ஒன்றாகவே எழுதும் என்பதால் "க்ரெடிட்கார்ட்" என்று ஒட்டி எழுதுவதும், ஆங்கிலம் பிரித்துத்தான் எழுதும் என்று அளவுக்கு மீறி நினைத்துக்கொண்டு "லாங் டெர்ம் எஃபெக்ட்ஸ்" என்பதில் இணைப்புக்குறியை விட்டுவிடுவதும் ஒருங்கே நடக்கின்றன.

நேர்கூற்றுக்கு முன் அவர்கள் முக்காற்புள்ளி இடுவார்கள்: "ஷி செட்: ..." ஆங்கிலத்தில் காற்புள்ளி வழக்கம் என்றாலும், நேர்காணல்களை மேற்கோள் காட்டும் சமூக அறிவியல் கட்டுரையில் முக்காற்புள்ளி எனக்கு உறுத்துவதில்லை. அதை விட்டுவிடலாம்.

இங்குள்ள நண்பர்கள் என்னிடம் வாதிடுவது வேறொன்று. ஐரோப்பாவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள்தாம் இன்று ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறார்கள். டச்சுக்காரர் எழுதியதை ஒரு போர்ச்சுகீசியர் படித்துப் புரிந்துகொள்கிறார் என்றால், இங்கிலாந்தின் காற்புள்ளி எதற்கு என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. எல்லாவற்றையும் லண்டன் அளவுகோலால் அளக்க வேண்டுமா?

மெய்ப்புநோக்கி

அம்மா, "புரிந்துகொள்கிறார்" என்ற இடத்தில்தான் நான் தயங்குகிறேன். அபாஸ்ட்ரஃபி தவறினால் யாருக்கும் பொருள் மாறாது. அதை மரபுக்காக மட்டுமே திருத்துகிறேன். "ஹவெவர்" இரு பக்கமும் குறியின்றி நின்றாலும் படிக்க முடிகிறது. ஆனால் "ஹூ", "விச்" துணைவாக்கியங்களில் காற்புள்ளி பொருளைச் சுமக்கிறது. அந்தப் போர்ச்சுகீசிய வாசகர் பள்ளியில் கற்ற ஆங்கிலம், இரண்டு காற்புள்ளி என்றால் எல்லோரும், காற்புள்ளியே இல்லை என்றால் சிலர் என்று சொல்கிறது. ஒற்றைக் காற்புள்ளியை அவர் எந்தப் பக்கம் சேர்ப்பார் என்று நமக்குத் தெரியாது. மருத்துவக் கட்டுரையிலும் ஒப்பந்தத்திலும் அந்த ஐயத்தை அவர் தலையில் சுமத்துவது எனக்கு ஒப்பவில்லை.

ஆசிரியருடன் பேசும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீக்கிய காற்புள்ளியை மெய்ப்பு நிலையில் ஆசிரியர் மீண்டும் இட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அவருடைய காதுக்கு அந்த இடம் வெறுமையாக ஒலிக்கிறது. முதல் இடத்தில் நீக்கும்போதே ஓரக்குறிப்பில் இரண்டு பொருளையும் எழுதிக் கேட்டுவிடுகிறேன்: மருந்து பெற்றவர்கள் மட்டுமா, அனைவருமா என்று. அவர் "மட்டும்" என்று பதில் எழுதிவிட்டால், அடுத்து வரும் நாற்பது பக்கங்களுக்கும் அந்த ஒரு பதிலே போதுமானதாக இருக்கிறது.

பாண்டிநாட்டான்

கடைசியாக ஒரு சிறு கேள்வி. ’ஸ்-ஹெர்டோகன்போஸ் என்ற நகரின் பெயரில் வாக்கியம் தொடங்கினால் எந்த எழுத்தைப் பெரியதாக்குவது?

டெல்ஃப்ட்வாசி

அபாஸ்ட்ரஃபியை ஒட்டி வரும் "எஸ்" எப்போதும் சிறிய எழுத்து. ஹெர்டோகன்போஸ் என்பதன் முதல் எழுத்துதான் பெரியது. வாக்கியத் தொடக்கத்திலும் டச்சில் அப்படியேதான். இதழ் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், "தி சிட்டி ஆஃப்" என்று தொடங்கி வாக்கியத்தை மாற்றி எழுதிவிடுங்கள். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சொல்லின் தொடக்கத்தில் வரும் அபாஸ்ட்ரஃபியை வேர்டு செயலி தொடக்க மேற்கோள் குறி என்று எண்ணிக்கொண்டு, வளைவைத் திருப்பிவிடும். அது 9 என்ற எண்ணின் வடிவில் இருக்க வேண்டும், 6 வடிவில் அன்று. அந்த நகரத்தின் பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும், துணைநூற்பட்டியலில் பதிப்பிட்ட ஊராக வரும் இடம் உட்பட, இதைத் தனியே தேடிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.